பழைய கட்டிலை எடைக்குப் போடும் முன்...

மார்கழி பாதி கழிந்ததுமே நம் வீடுகளில் ஒரு பரபரப்பு வந்துவிடும். ஒட்டடை அடிக்கணும், வெள்ளையடிக்கணும், பரணில் கிடப்பதை எல்லாம் கீழே இறக்கணும். இறக்கிப் பார்த்தால் பாதி சாமானைப் பார்த்து, "இது எதுக்கு, தூக்கிப் போடு" என்றுதான் சொல்லத் தோன்றும். கிழிந்த பாய், ஓட்டை முறம், பிய்ந்த துடைப்பம் எல்லாம் போகட்டும். ஆனால், கூடவே கால் ஆடுகிற மர ஸ்டூலும், பின்னல் அறுந்த நாற்காலியும், பாலிஷ் போன தேக்குக் கட்டிலும் தெருவுக்கு வந்துவிடுகின்றன. சில பேர் போகித் தீயிலேயே போட்டுவிடுகிறார்கள். எங்கள் தெருவில் இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு வீட்டார் எரித்தது நல்ல வேங்கைப் பலகை. எனக்கு வயிறு எரிந்தது.

சகோதரிகளே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். மர சாமானில் எதைக் காப்பாற்றலாம், எதைக் காப்பாற்ற முடியாது என்பதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது 2015 டிசம்பர் வெள்ளம்.

அப்போது நாங்கள் சென்னை ஜாபர்கான்பேட்டையில் தரைத்தள வாடகை வீட்டில் இருந்தோம். அடையாறு ஆற்றுத் தண்ணீர் எங்கள் வீட்டில் இடுப்பளவு ஏறி இரண்டு நாள் நின்றது. மாடி வீட்டுக்காரர்கள் இடம் கொடுத்ததால் நாங்கள் தப்பித்தோம். வீட்டில் அப்போது இரண்டு வகை சாமான் இருந்தது. ஒன்று, 2013-ல் என் கல்யாணத்துக்கு எங்கள் அப்பா சீராகக் கொடுத்தது. கண்ணாடி வைத்த கட்டில், டிரெஸ்ஸிங் டேபிள், மூன்று கதவு அலமாரி, எல்லாம் ஒரே கலரில் செட்டாக. மண்டபத்தில் வைத்தபோது பார்க்காதவர்கள் இல்லை. இன்னொன்று, என் மாமியார் கல்யாணத்துக்கு 1974-ல் செய்யாறு பக்கம் ஆசாரி வீட்டிலேயே வந்து உட்கார்ந்து செய்தது. தேக்குக் கட்டில், ஒரு நீள பெஞ்ச், சின்ன அலமாரி, மாமனாரின் பிரம்பு நாற்காலி. இவை பின்கட்டில், வருகிறவர்கள் கண்ணில் படாத இடத்தில் இருந்தன.

தண்ணீர் வடிந்து கீழே வந்து பார்த்தோம். புது அலமாரியின் அடிப்பாகம் இட்லி மாதிரி உப்பியிருந்தது. தூக்கினால் டீயில் நனைந்த ரஸ்க் மாதிரி கையோடு பிய்ந்து வருகிறது. மேலே ஒட்டியிருந்த தேக்கு டிசைன் காகிதம் மட்டும் தனியாகச் சுருண்டு நிற்கிறது. அது மரமே இல்லை. மரத்தூளையும் சிராயையும் பசை போட்டு அழுத்திய பலகை. வெட்டுவாய் வழியாகத் தண்ணீர் புகுந்தால் தூள் ஊதிவிடும், பசை விட்டுவிடும். காய்ந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. வேலூரிலிருந்து பார்க்க வந்த அப்பா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதுக்கு எடுத்த சீட்டே இன்னும் நாலு தவணை பாக்கி இருக்கும்மா" என்றார். அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. கார்ப்பரேஷன் லாரியில் மூன்று பேர் வாரிப் போட்டார்கள்.

தேக்குக் கட்டிலும் பெஞ்சும் சேற்றோடு நின்றுகொண்டிருந்தன. மூன்றாம் நாளே பழைய சாமான் வாங்குகிறவர் வந்துவிட்டார். "தண்ணி குடிச்ச மரம்க்கா. எல்லாம் சேர்த்து ஆயிரத்து ஐந்நூறு தரேன். இன்னும் ரெண்டு நாள் போனா அதுவும் வராது" என்றார். கையில் காசு இல்லாத நேரம். என் வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிடலாம் என்றுதான். அத்தை கொடு என்றும் சொல்லவில்லை, கொடுக்காதே என்றும் சொல்லவில்லை. கட்டில் காலில் இருந்த சேற்றை ஒரு குச்சியால் வழித்துக்கொண்டே இருந்தார்கள்.

அந்தத் தெருவில் ஊதிப்போன கதவுகளை இழைக்க வந்திருந்த வயதான ஆசாரி ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கட்டிலை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். "இது நூறு மழை பார்த்த மரம் பாப்பா. வெயில்ல மட்டும் வெச்சிடாத" என்றார். அந்த ஒரு வார்த்தையில் வியாபாரியை அனுப்பிவிட்டோம்.

நனைந்த மரத்தை வெயிலில் போடுவதுதான் நாம் எல்லோரும் செய்வது. அப்படிச் செய்தால் மேல்புறம் சீக்கிரம் காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் இருக்கும். மரம் முறுக்கிக்கொள்ளும் அல்லது வெடித்துவிடும். முதலில் சேறு காய்வதற்குள் வெறும் தண்ணீரில் கழுவிவிட வேண்டும் (வெள்ளத்து சேறு என்றால் கையுறை அவசியம், அதில் சாக்கடையும் கலந்திருக்கும்). பிறகு நிழலில், காற்றோட்டமான இடத்தில், நாலு காலுக்கும் செங்கல் வைத்துத் தூக்கி நிறுத்த வேண்டும். அலமாரிக் கதவைத் திறந்தே வையுங்கள். டிராயர் இறுகியிருந்தால் இழுத்து மல்லுக்கு நிற்காதீர்கள். காயக் காயத் தானே இளகும். வெள்ளையாகப் பூசணம் பிடித்தால் வீட்டுக்கு வெளியே வைத்து, மூக்கைக் கட்டிக்கொண்டு பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிடுங்கள். எங்கள் கட்டில் முழுசாகக் காய ஐந்து வாரம் ஆனது. அதுவரை தரையில்தான் படுத்தோம்.

வெள்ளம் வராத வீட்டுக்கும் இதே கதைதான். மழைக்கால ஓதத்தில் இறுகிய கதவை உடனே இழைக்கச் சொல்லாதீர்கள். பங்குனி வெயிலில் அதுவே சுருங்கி இடைவெளி விழும்.

இனி பழைய சாமானைப் புதுசாக்கும் வேலை. இதை நாம் பெண்களே செய்யலாம். கட்டிலைத் தூக்கத்தான் ஆள் வேண்டும்.

முதல் வேலை, அழுக்கை எடுப்பது. பெயிண்ட் அடிக்கும் காய்ந்த பிரஷ்ஷால் செதுக்கு வேலை இடுக்கெல்லாம் தூசி தட்டுங்கள். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டு, துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து துடையுங்கள். உடனே காய்ந்த துணியால் ஒரு துடைப்பு. வாஷிங் சோடா வேண்டாம், பாலிஷைத் தின்றுவிடும். பல சமயம் இதோடேயே பாதி அழகு வந்துவிடுகிறது. என் ஓரகத்தி வீட்டு ஊஞ்சல் பலகை கறுப்பு மரம் என்று பத்து வருஷமாக நினைத்திருந்தோம். துடைத்த பிறகுதான் பலாமரம், மஞ்சள் நிறம் என்று தெரிந்தது!

தேங்காய் எண்ணெய் தடவினால் மினுங்கும் என்று பலர் தடவுகிறார்கள். மினுங்கும், இரண்டு நாளைக்கு. தேங்காய் எண்ணெய் காய்ந்து படியாத எண்ணெய். அதனால் பிசுபிசுப்பு போகாது, தூசியைப் பிடித்து வைத்துக்கொண்டு கறுத்துவிடும், நாளானால் காறல் வாடையும் வரும். எண்ணெய்தான் போடணும் என்றால் பெயிண்ட் கடையில் லின்சீட் ஆயில் என்று கேளுங்கள். அது ஆளி விதை எண்ணெய், காற்றுப்பட்டுக் காய்ந்து மெல்லிய தோலாகப் படியும். துணியில் தொட்டு மெல்லிசாகத் தேய்த்து, கால் மணி நேரம் விட்டு, மிச்சத்தைத் துடைத்து எடுத்து, ஒன்றிரண்டு நாள் காயவிட வேண்டும். ஒரு முக்கியமான விஷயம். அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடவே கூடாது. காயும்போது அதில் சூடு கிளம்பி, நெருப்பு வைக்காமலே பற்றிக்கொள்ளும். தண்ணீரில் நனைத்தோ, வெளியே கொடியில் விரித்துக் காயவிட்டோதான் எறிய வேண்டும்.

அடுத்தது பழைய பாலிஷ் என்ன ஜாதி என்று பார்ப்பது. கண்ணில் படாத மூலையில் ஒரு சொட்டு ஸ்பிரிட் விட்டுப் பாருங்கள். விரலில் பிசுக்கென்று ஒட்டினால் அது அரக்கு பாலிஷ். ஒட்டாவிட்டால் வார்னிஷ் மாதிரி வேறு ஏதோ. நம் பாட்டி காலத்து சாமான்களில் அனேகமாக அரக்குதான் இருக்கும். அரக்கு என்பது புரச மரம், இலந்தை மரம் போன்றவற்றில் கூடு கட்டும் அரக்குப் பூச்சி வடிக்கிற பிசின். ஜார்க்கண்ட் மாநிலத்தில்தான் இது நம் நாட்டில் மிக அதிகமாக எடுக்கப்படுகிறது. "பிரெஞ்சு பாலிஷ்" என்று பெயர்தான் பிரெஞ்சு, சரக்கு நம்முடையது. இதன் நல்ல குணம் என்னவென்றால் புது பூச்சு பழைய பூச்சோடு கரைந்து ஒன்றாகிவிடும். அதனால் முழுசாகச் சுரண்டி எடுக்க அவசியமில்லை.

லேசாகத் தேய்க்க உப்புத்தாள் போதும். உப்புத்தாளில் நம்பர் கூடக் கூட மென்மை. மிகவும் சொரசொரப்பான இடத்துக்கு 80, பிறகு 120, கடைசியில் 220. மரத்தின் ரேகை ஓடுகிற திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் அந்தக் கீறல் பாலிஷ் போட்ட பிறகுதான் பல்லைக் காட்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பழைய ஜன்னல், தொட்டில், கட்டில்களில் பச்சையோ நீலமோ ஆயில் பெயிண்ட் அடித்திருந்தால் அதை உலர்வாகத் தேய்க்காதீர்கள். அந்தக் காலத்து பெயிண்டில் ஈயம் கலந்திருக்கலாம். நம் நாட்டில் வீட்டு பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற சட்டம் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அந்தத் தூள் குழந்தைகள் வயிற்றுக்குள் போனால் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பெயிண்ட் உரியாமல் இருந்தால் அதன் மேலேயே புது பெயிண்ட் அடித்துவிடுங்கள். உரிந்திருந்தால் தண்ணீர் தெளித்து ஈரத்தோடு சுரண்டி, உதிர்ந்ததைக் காகிதத்தில் பொதிந்து கட்டி எறியுங்கள். சின்னப் பிள்ளைகளும் பிள்ளைத்தாய்ச்சிகளும் அந்தப் பக்கமே வரக் கூடாது.

பாலிஷ் போட, அரக்குத் தகடு நூறு கிராமுக்கு அரை லிட்டர் ஸ்பிரிட் என்ற கணக்கில் கண்ணாடிப் பாட்டிலில் ஊறப்போட்டால் மறுநாள் கரைந்திருக்கும். மெல்லிய துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். கரைத்த பாலிஷாகவும் கடையில் கிடைக்கிறது. பஞ்சை உருண்டையாக்கி, பழைய வெள்ளை வேட்டித் துணியில் முடிந்து, பாலிஷில் தொட்டு நீளவாக்கில் ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். போன இடத்திலேயே திரும்பத் திரும்பத் தேய்த்தால் இழுபட்டுத் திட்டுத் திட்டாகும். ஒரு மணி நேரம் விட்டு அடுத்த பூச்சு. தடிமனாக ஒன்று போடுவதைவிட மெல்லிசாக ஐந்தாறு போடுவது மேல். மழை மூட்டமான நாளில் இந்த வேலையே வேண்டாம். காற்று ஈரம் பட்டு வெள்ளையாகப் படரும். ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்பு, சாமி விளக்கு, ஊதுவத்தி எல்லாம் அணைந்திருக்க வேண்டும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும்.

அரக்கு பாலிஷுக்கு ஒரு குறையும் உண்டு. சூடான காபி டம்ளரை அப்படியே வைத்தால் வெள்ளை வட்டம் விழும். பதறாமல் நாலு நாள் விட்டால் சில சமயம் தானே மறையும். மறையாவிட்டால் ஸ்பிரிட்டில் லேசாக நனைத்துப் பிழிந்த துணியால் பட்டும் படாமல் ஒரு வீச்சு வீசுங்கள். எங்கள் வீட்டு ஆண்கள் டம்ளருக்கு அடியில் எதையாவது வைத்துக் குடிப்பார்கள் என்று எதிர்பார்த்தால் அது நடக்காது!

காலாட்டத்துக்கு ஆணி அடிக்காதீர்கள். பழைய சாமான்கள் மரத்துக்குள் மரம் நுழைத்துச் செய்தவை. ஆணி அடித்தால் அந்த இடத்தில் மரம் பிளக்கும், துருவும் ஏறும். பழைய பசையைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஃபெவிகால் தடவி, தாம்புக்கயிற்றால் இறுக்கிக் கட்டி ஒரு நாள் விட்டால் போதும்.

பூச்சி விஷயத்தில் இரண்டைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. சுவரிலிருந்து மண் குழாய் மாதிரி ஏறினால் கரையான். அது தரைக்குள்ளிருந்து வருவது. கண்ணுக்குத் தெரிகிற மண்ணை மட்டும் தட்டிவிட்டால் மறு வாரமே வரும். வழியையே அடைக்க வேண்டும். அலமாரியைச் சுவரை ஒட்டிப் போடாமல் நாலு விரல் தள்ளிப் போடுங்கள், மாதம் ஒரு தரம் பின்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். ஊசி முனைத் துளையும் கீழே மாவு மாதிரித் தூளும் இருந்தால் அது உளுக்கிற வண்டு. அதற்குப் பெயிண்ட் கடையில் விற்கும் மரப்பூச்சி மருந்தை, கையுறை போட்டுக்கொண்டு, துளைத் துளையாக பில்லரால் விட்டு, மெழுகால் அடைக்க வேண்டும். தேக்கின் வைரப் பகுதியில் இயற்கையாகவே எண்ணெய்ச் சத்து இருப்பதால் பூச்சி சுலபத்தில் தொடாது. வெளிறிய வெண்மரப் பகுதியைத்தான் தின்னும்.

பிரம்பு நாற்காலிக்கு வருகிறேன். மாமனார் நாற்காலியின் பின்னல் வெள்ளத்தில் அழுகிவிட்டது. நைலான் ஒயர் போட்டுவிடலாம் என்று இருந்தோம். தெரிந்தவர்கள் மூலமாகப் பின்னுகிற ஒருவர் வந்தார். பார்வை இல்லாதவர். நாற்காலி பின்னுவது பார்வையற்றவர்களுக்கான பயிற்சியில் நெடுங்காலமாக இருந்து வந்த தொழில். அரசு அலுவலக நாற்காலிகளை எல்லாம் அவரைப் போன்றவர்கள்தான் பின்னிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சட்டத்தைச் சுற்றி விரலை ஓட்டித் துளைகளை எண்ணினார். பிரம்பு நாரைத் தண்ணீரில் ஊறவைத்து, நீளத்தில் ஒன்று, குறுக்கே ஒன்று, மறுபடி நீளம், மறுபடி குறுக்கு, அதன் பிறகு மூலைக்கு மூலை இரண்டு பக்கமும். ஒரு துளை தவறவில்லை. ஒன்றரை நாள் ஆனது. நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"ஒயர் போட்டா வெயில் காலத்துல முதுகு வேகும்மா. பிரம்புல காத்து போகும்" என்றார்.

"இப்ப வேலை எல்லாம் எப்படிண்ணா கிடைக்குது?" என்று கேட்டேன்.

"ஆபீஸ்ல எல்லாம் குஷன் சேர் வந்துடுச்சு. வீடுங்கள்ல கூப்பிட்டாத்தான் உண்டு."

அவர் சொன்ன ஒரு யோசனை எல்லோருக்கும் பயன்படும். பின்னல் அறுகாமல் தொய்வு மட்டும் விழுந்திருந்தால், நாற்காலியைக் கவிழ்த்து, அடிப்பக்கம் வெந்நீரில் நனைத்த துணியை வைத்து நன்றாக ஈரமாக்கி, நிழலில் காயவிட வேண்டும். காயும்போது பிரம்பு இறுகி மேலே எழும்பிவிடும். அதுவரை யாரும் உட்காரக் கூடாது. பிரம்பு நாற்காலி வைத்திருப்பவர்கள் ஒயருக்குப் போகாமல் இவரைப் போன்றவர்களைத் தேடிப் பிடித்துக் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கட்டில், பெஞ்ச், அலமாரி, நாற்காலி நாலுக்கும் சேர்த்து எனக்கு ஆன செலவு, 2016 பொங்கல் முடிந்து கணக்குப் பார்த்தபோது, இரண்டாயிரத்து முந்நூறு ரூபாய். அதில் பாதிக்கு மேல் பின்னுகிறவர் கூலி. அந்தக் கட்டில்தான் இன்றைக்கும் எங்கள் வீட்டில் இருக்கிறது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் மறுபடி தண்ணீர் வந்தபோது கால் மட்டும் நனைந்தது. துடைத்துவிட்டு அன்றைக்கே படுத்தோம்.

பாலிஷ் போட்ட கையோடு இடத்தையும் மாற்றினேன். வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நின்ற அலமாரியை உள் சுவருக்குத் தள்ளிவிட்டு, ஜன்னல் ஓரம் பெஞ்சைப் போட்டேன். அத்தை இப்போது கீரை ஆய்வது, பேப்பர் படிப்பது எல்லாம் அதில்தான். வருகிறவர்களும் அதில்தான் உட்காருகிறார்கள். இத்தனை வருஷம் பின்கட்டில் கிடந்த பெஞ்ச் அது.

பெண்ணுக்குச் சீர் செய்யப் போகும் அம்மாக்களுக்கும் ஒரு வார்த்தை. சீரே வேண்டாம் என்பது என் கட்சி. அது வேறு சண்டை. கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்றால், மண்டபத்தில் பார்வைக்கு வைக்கிற செட்டுக்காகச் சீட்டு எடுக்காதீர்கள். அதே பணத்துக்கு நல்ல மரத்தில் கட்டில் ஒன்று மட்டும் வாங்குங்கள், வேம்போ வேங்கையோ கூடப் போதும். கடையில் முன்பக்கம் பார்க்காமல் குனிந்து அடிப்பக்கம் பாருங்கள். டிராயரை வெளியே எடுத்து அதன் பின்பலகையைப் பாருங்கள். மேலே தெரிகிற ரேகை விளிம்பில் மடங்கித் தொடர்ந்தால் மரம். விளிம்பில் பட்டையாக ஒட்டியிருந்தால், உள்ளே தூள். கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

கடைசியாக, பாலிஷ் வேலையைப் போகிக்கு முந்தின நாள் ஆரம்பிக்காதீர்கள். மார்கழிப் பனி ஈரம் விலகிய பகல் பதினோரு மணியிலிருந்து மூன்று மணி வரைதான் பூச்சு நன்றாகப் பிடிக்கும். ஒரு கட்டிலுக்கு மூன்று நாளாவது வேண்டும். மிஞ்சிய அரக்கு பாலிஷை வருஷக்கணக்கில் வைத்திருந்தால் பிறகு காயவே காயாது, அதனால் வேண்டிய அளவு மட்டும் கரையுங்கள். பாட்டிலில் பெயர் எழுதி ஒட்டி, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். அந்த ஸ்பிரிட் விஷம். கலர் பார்க்கத் தேன் மாதிரியே இருக்கும்.